நிலம் முதலில், தண்டவாளம் பிறகு: வீட்டில் மாடல் ரயில் லேஅவுட் கட்டிய அனுபவம்

மாடல் ரயில் லேஅவுட் கட்டத் தொடங்கும் பலரும் முதலில் தண்டவாளத்தைத்தான் போடுகிறார்கள். தட்டையான ப்ளைவுட் பலகை, அதன்மேல் முட்டை வடிவத்தில் ஒரு பாதை, குகைப்பாதை வேண்டும் என்பதற்காகவே மூலையில் வைத்த ஒரு குன்று. ரயில் நன்றாகவே ஓடும். ஆனால் பார்க்கிறவர் மனதில் அது ஓர் இடமாகப் பதியாது. நிஜத்தில் ஆறும் மேடும் பள்ளமும் முன்பே இருந்தவை. ரயில் பாதை பிற்பாடு வந்தது; நிலத்துக்கு வளைந்து கொடுத்தது; வளைய முடியாத இடத்தில் வெட்டியும் நிரப்பியும் போனது. அந்த வரிசை வீட்டு அறையிலும் மாறக்கூடாது என்று முடிவு செய்துதான் என் லேஅவுட்டைத் தொடங்கினேன். மரச்சட்டத்தின் உயரத்திலிருந்து புல்லின் நிறம் வரை எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானித்தேன்: ரயில் வருவதற்கு முன்னால் இந்த இடம் எப்படி இருந்திருக்கும்?

அதனால் பென்சிலை எடுத்ததும் நான் வரைந்தது ஆறு. பின்னால் மலை, அதிலிருந்து இறங்கும் ஓடை, அது சேரும் ஆறு, ஆற்றின் மேட்டுக் கரையில் ஒரு சிற்றூர். அப்புறம், இந்த நிலத்தைக் கடக்க வந்த பொறியாளர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்து ஒரே ஒரு கோடு போட்டேன். ஆற்றைக் குறுகலான இடத்தில் கடப்பார். ஊரின் விளிம்பை ஒட்டிப் போவார். மலையை முடிந்தவரை சுற்றிப் போவார். சுற்ற வழியே இல்லாத இடத்தில்தான் குடைவார். குகைப்பாதையின் மேலே உள்ள மலை ரயிலை விட மிக உயரமாக எழுந்து பின்சுவர் வரை தொடர்ந்தால்தான் குடைந்ததற்கு ஒரு நியாயம் தெரியும். இரண்டு பக்கமும் சரிந்து முடியும் சின்ன மேட்டைக் குடைந்துகொண்டு போகும் பாதை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பொய்யாகவே தெரிகிறது.

அளவு விகிதத்தில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. 1:87 விகிதமும், இரு தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஹெச்.ஓ. என்ற அளவை எடுத்தேன். இடம் குறைவாக இருப்பவர்களுக்கு 1:160 விகிதமும் 9 மில்லிமீட்டர் பாதையும் உள்ள இன்னும் சிறிய அளவு நல்லது. அதே இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீள நிலம் கிடைக்கும். கையால் செய்யும் நுணுக்கங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் நான் பெரிய அளவுக்குப் போனேன். எந்த அளவானாலும் தூரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஹெச்.ஓ.வில் ஒரு கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 11.5 மீட்டர். 20 மீட்டர் நீளப் பெட்டி 23 சென்டிமீட்டர் வரும். 15 பெட்டி கோர்த்தால் ரயிலே மூன்றரை மீட்டர் ஆகிவிடும். ஆகவே நான்கு பெட்டி ரயில், சிறிய ஸ்டேஷன், நிறைய வெளி என்று வைத்துக்கொண்டேன். ரயில் சிறிதாகும்போது நிலம் பெரிதாகத் தெரிகிறது.

முட்டை வடிவச் சுற்றுப்பாதையையும் விட்டுவிட்டேன். சுவரை ஒட்டி எல் வடிவில் ஒரு பலகைத்தட்டு. ஒரு முனையில் ஸ்டேஷன். மறுமுனையில், மலைக்குப் பின்னால், ரயில்கள் காத்து நிற்கும் மறைவான சைடிங்குகள். ரயில் எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது என்ற உணர்வு இப்படி எளிதாகக் கிடைக்கிறது. தட்டின் அகலம் 65 சென்டிமீட்டர். கை எட்டாத இடத்தில் கட்டாதீர்கள் என்று ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். முன்பக்கத்திலிருந்து 75 சென்டிமீட்டருக்கு மேல் போனால், தடம் புரண்ட பெட்டியை எடுக்கப் போகும் கை வழியில் இருக்கும் மரங்களைச் சாய்த்துவிடும். மறைவான சைடிங்குக்கும் குகைப்பாதைக்கும் பின்னாலிருந்தோ கீழிருந்தோ கை போகும் வழி கட்டாயம் வேண்டும்.

தட்டையான பலகையைத் தவிர்ப்பதுதான் காட்சியமைப்பில் பாதி வேலை என்பேன். பலகை தட்டையாக இருந்தால் நிலம் பாதைக்கு மேலே மட்டும்தான் எழ முடியும். நிஜத்தில் ரயிலில் போகும்போது நாம் கீழே குனிந்து பார்ப்பவைதான் அதிகம்: வயல், ஓடை, பாலம், சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. அதனால் மரச்சட்டங்களால் திறந்த கூடு ஒன்றைச் செய்து, தண்டவாளம் போகும் இடத்தில் மட்டும் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டைப் பட்டையாக அறுத்து, குத்துக்கட்டைகள் மேல் நிறுத்தினேன். மற்ற இடமெல்லாம் திறந்தே இருந்தது. ஆற்றுப் படுகையைப் பாதையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறக்க முடிந்தது அதனால்தான். கலிபோர்னியாவில் ஜான் ஆலன் தன் லேஅவுட்டில் பள்ளத்தாக்கைத் தரை வரைக்கும் இறக்கியிருந்தார்; இடத்தைப் பெரிதாகக் காட்ட ஆங்காங்கே கண்ணாடியும் பதித்தார். 1973-ல் அவர் இறந்த சில நாட்களில் அந்த லேஅவுட் தீயில் அழிந்துபோனது. அதன் படங்களைப் பார்த்தால் ஆழம் என்ன செய்யும் என்பது புரியும்.

பாதையின் உயரத்தைத் தரையிலிருந்து 120 சென்டிமீட்டராக வைத்தேன். மேலிருந்து பார்த்தால் கூரைகளும் பெட்டிகளின் முதுகும்தான் தெரியும். கண் மட்டத்துக்கு அருகே வந்தால் ரயில் மரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போகும். இடையில் எதுவும் மறைக்காமல் ரயில் முழுக்கத் தெரிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். மறைந்து வெளிவரும்போதுதான் தூரம் அதிகமாகத் தோன்றுகிறது.

ஏற்றத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவைத் தாண்டவில்லை. ஒரு பாதை இன்னொன்றின் மேலே கடக்க, கீழே போகும் ரயிலுக்கு வழிவிட்டு, சுமார் 8 சென்டிமீட்டர் உயர வேண்டும். இந்த ஏற்றத்தில் அதற்கு 4 மீட்டர் ஓட்டம் தேவை. வரைபடத்தில் மேம்பாலம் போடும்போது பலரும் இந்தக் கணக்கைப் போட மறந்துவிடுகிறார்கள். என் இடத்துக்கு அது ஒத்துவராது என்று தெரிந்ததும் மேம்பாலத்தையே எடுத்துவிட்டேன். வளைவுக்கு மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது ஆரம் இருக்கட்டும் என்பது அனுபவசாலிகளின் பொதுக் கணக்கு. 25 சென்டிமீட்டர் பெட்டிக்கு 75 சென்டிமீட்டர். அதைவிடக் குறுகிய வளைவில் ரயில் ஓடாது என்றில்லை. பெட்டியின் முனை பாதைக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியும். குறுக்கியே ஆக வேண்டும் என்றால் மலைக்குப் பின்னால் மறையும் இடத்தில் குறுக்கிக்கொள்ளுங்கள். நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் ஒரே வெட்டாக நுழையாமல், சிறிது சிறிதாக வளைந்து நுழையும்படி போட்டால் ரயில் போகும் அழகே வேறு.

மின்சார வேலையை நிலம் மூடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு உலோகக் கவ்விகள் மின்சாரத்தைக் கடத்தும்தான், ஆனால் காலப்போக்கில் தளர்ந்துவிடும். பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டை லேஅவுட் முழுக்க ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயரைத் தனித்தனியாக சால்டர் செய்தேன். கட்டுப்பாட்டுக்கு டிஜிட்டல் முறை. பாதையில் மின்னழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், என்ஜினுக்குள் உள்ள டீகோடர்தான் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும். இந்த முறையில் ஒரு சோதனை அவசியம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் வயர் போதவில்லை என்று அர்த்தம். தடம் புரண்ட என்ஜின் அங்கே நின்றால் சூடேறி உருகும் ஆபத்து உண்டு.

தண்டவாளத்துக்கு இடைவெளி விடுவதையும் சொல்லிவிடுகிறேன். மாடல் தண்டவாளங்கள் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். மூன்று மீட்டர் ஓட்டத்தில் வெப்பம் 20 டிகிரி ஏறினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். மரமும் ஈரப்பதத்துக்கு ஏற்ப உப்பிச் சுருங்கும். எல்லா இணைப்புகளையும் சால்டர் செய்து இறுக்கிவிட்டால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். ஆகவே வளைவுகளில் மட்டும் இணைப்பை சால்டர் செய்து, நேர்ப்பாதையில் ஆங்காங்கே அரை மில்லிமீட்டர் விட்டுவிடுவேன்.

இதெல்லாம் முடிந்ததும் ஜல்லி கொட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். வெறும் பாதையில் பல நாள் ரயிலை ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக, முழு ரயிலையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு பாதை இரண்டாகப் பிரியும் எல்லா பாயின்ட்டுகள் வழியாகவும் போங்கள். முன்னோக்கி இழுக்கும்போது தெரியாத மேடு பள்ளமெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

அப்புறம் நிலம். நுரைப்பலகையை அடுக்கடுக்காக ஒட்டி, கத்தியால் செதுக்கி மலையின் உருவத்தைக் கொண்டுவந்தேன். கரைப்பான் கலந்த பசை நுரையைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் சரி. சூடான கம்பியால் வெட்டுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பாறைகளுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றி எடுத்தேன். பாறை அடுக்குகளின் சாய்வு மலை முழுக்க ஒரே திசையில் இருக்க வேண்டும். பாதைக்காக வெட்டிய பள்ளத்தின் இடப்பக்கம் தெரியும் அடுக்குக்கோடு வலப்பக்கத்திலும் அதே சாய்வில் தொடர்ந்தால், இது ஒரே மலை, நடுவில் பாதைக்காக வெட்டப்பட்டது என்று கண் தானாகவே புரிந்துகொள்ளும். மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை ஒரு பங்கு உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு அகலமாகச் சரியட்டும். கொட்டிய மண் அதைவிடச் செங்குத்தாக நிற்பதில்லை. பாறையில் வெட்டிய சுவர் செங்குத்தாக நிற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஜல்லி போடுவது. பொறுமையைக் கேட்கும் வேலை, ஆனால் பாதைக்கு உயிர் வருவது அங்கேதான். நிஜ ஜல்லி சுமார் 50 மில்லிமீட்டர் என்றால் 1:87-ல் அது 0.6 மில்லிமீட்டர்கூட இல்லை. விற்பனைக்கு வரும் ஜல்லி பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். நுண்ணியதையே தேடி எடுங்கள். முதலில் தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துருவின் பழுப்பு நிறத்தைப் பூசி, மேல்முகத்தை மட்டும் துடைத்துவிட வேண்டும். பிறகு ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே ஜல்லியைக் கொஞ்சமாகத் தூவி, மெல்லிய பிரஷால் பரப்பி, விரல் நுனியால் தண்டவாளத்தை லேசாகத் தட்டினால் கட்டைகளின் மேல் கிடக்கும் துகள்கள் கீழே இறங்கிவிடும். கட்டையின் மேல்முகம் சுத்தமாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஆல்கஹால் கலந்த தண்ணீரைப் பனி போல மேலே விழும்படி ஸ்பிரே செய்கிறேன். ஜல்லியின் நிறம் கருத்து வருவதைப் பார்த்தால் ஈரம் அடிவரை இறங்கிவிட்டது தெரியும். அந்த ஈரம் காய்வதற்குள், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு துளி சோப்புத் திரவம் விட்ட வெள்ளைப் பசையைச் சொட்டுக்குழாயால் ஓரத்தில் விட வேண்டும். சோப்பு இருந்தால் துளி உருண்டு நிற்காமல் உடனே உள்ளே பரவும்; ஜல்லியும் நகராது. பாயின்ட்டின் நகரும் நாக்குக்கு அருகே மட்டும் பசையே போகக்கூடாது. அங்கே ஜல்லியை மிகக் குறைத்து, காயும்வரை அவ்வப்போது பாயின்ட்டை இருபக்கமும் மாற்றிக்கொண்டே இருப்பேன்.

மண்ணுக்கு நிஜ மண்ணையே பயன்படுத்தினேன். அதன் நிறத்தை எந்தப் பெயின்டும் தராது. நுண்ணிய சல்லடையில் சலித்து, பூச்சியும் பூஞ்சையும் போக அடுப்பில் சூடாக்கி, கடைசியாகக் காந்தத்தை அதில் நன்றாக அலைய விட வேண்டும். மண்ணில் இரும்புத் துகள் இருந்தால் என்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், மோட்டார் கெட்டுவிடும். இந்த ஒரு வேலையைத் தவறவே விடாதீர்கள்.

புல்லுக்கு நிலைமின் கருவி மிக நல்லது. மின்னேற்றம் பெற்ற இழைகள் ஈரப் பசையின் மேல் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. 2, 4, 6 மில்லிமீட்டர் இழைகளைக் கலந்தும், பச்சையோடு காய்ந்த வைக்கோல் நிறத்தைச் சேர்த்தும் போட வேண்டும். ஒரே பச்சையை எங்கும் போட்டால் விரிப்பு போல ஆகிவிடும். எங்கே தண்ணீர் தங்கும்? கரையின் அடிவாரத்தில், ஓடையோரத்தில். அங்கே அடர்பச்சை. மேட்டின் உச்சியில் வெளிர். மனிதர்கள் குறுக்கு வழியாக நடந்து தேய்ந்த தடத்தில் வெறும் மண். ஸ்டேஷனின் பிளாட்பாரத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலை சுற்றி வளைந்து போகிறது. அதனால் நேரே வயல் நடுவே ஒரு தேய்ந்த தடத்தையும் போட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டுவது அந்தத் தடத்தைத்தான்.

மரங்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: உயரம். 15 மீட்டர் மரம் 1:87-ல் 17 சென்டிமீட்டர் வரும். நம்மில் பலர் 7, 8 சென்டிமீட்டரில் மரம் வைக்கிறோம், அது புதர்தான். பழைய வயரின் செம்பு இழைகளை முறுக்கி, மேலே போகப் போகப் பிரித்துக் கிளைகளாக்கி, பசையும் மண்தூளும் கலந்து தண்டில் பூசினேன். ரயிலுக்கு முன்னால் அப்படிப்பட்ட ஒரு பெரிய மரம் நின்றால் ரயில் சட்டென்று தன் சரியான அளவுக்கு வந்துவிடும். பின்சுவரை நெருங்க நெருங்க மரங்களைச் சிறிதாக்கி, நிறத்தைச் சற்று நீலம் கலந்து மங்கலாக்கினால் ஆழம் கூடும். பின்திரை வானமும் அப்படித்தான். அடிவானத்தில் வெளிர், மேலே போகப் போக அடர்த்தி. சுவரின் மூலையை வளைத்துவிடுங்கள். வானத்தில் ஒரு நெட்டுக்கோடு தெரிந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

ஆற்றுக்கு எப்பாக்ஸி ரெசின். ஊற்றும் முன்னால் படுகையில் ஊசித்துளைகூட இல்லாமல் அடைக்க வேண்டும். ரெசின் எந்த ஓட்டையையும் கண்டுபிடித்து இறங்கிவிடும். ஆழத்தைக் காட்டுவது ரெசின் இல்லை, அடியில் பூசும் நிறம். கரையோரம் மணல் நிறம், நடுவில் கரும்பச்சை கலந்த பழுப்பு. தடிமனாக ஊற்றினால் இறுகும்போது சூடாகி வெடிப்பு விடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அடுக்குகளாகத்தான் ஊற்ற வேண்டும். மலையிலிருந்து சரிந்து வரும் ஓடைக்கு ரெசின் உதவாது, அது தானாகவே மட்டமாகிவிடும். அங்கே பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைப் பிரஷால் குத்திக் குத்திப் பூசி, நுரை வரும் கற்களின் மேல் மட்டும் உலர்ந்த வெள்ளையைத் தொட்டு வைத்தேன்.

ஊரையும் ரயிலையும் சமமாக மதித்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் அஹெர்ன். 1930-களின் பிற்பகுதியில் அவர் கட்டத் தொடங்கிய மேடர் வேலி லேஅவுட் இன்றும் பென்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீடுகளும் தெருக்களும் ரயிலுக்கு அலங்காரமாக நிற்கவில்லை; அவற்றுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. வீடு செய்யும்போது நான் பின்பற்றுவது அதைத்தான். பழைய வீடுகள் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன; ரயில் வந்த பிறகு எழுந்த கிடங்கும் கடைகளும் ஸ்டேஷனைப் பார்த்து நிற்கின்றன. மழைநீர் ஒழுகும் இடத்தில் சுவர் கறுத்திருக்கிறது. என்ஜின் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஜல்லி எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. பிரேக் போடும் இடத்தில் துருத்தூளின் செம்பழுப்பு. வீடுகளையும் தரையோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் அது வைத்த பொம்மையாகிவிடும்.

நிறங்களை எந்த விளக்கின் கீழ் லேஅவுட் இருக்கப் போகிறதோ அதே விளக்கின் கீழ் கலக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கலந்த பச்சை எல்.ஈ.டி. விளக்கில் வேறு பச்சை. நேரடி வெயில் படும் சுவரையும் தவிர்ப்பது நல்லது, சில வருடங்களில் எல்லா நிறமும் வெளுத்துவிடும்.

ஓட்டும்போது வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ஹெச்.ஓ.வில் நொடிக்கு 19 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் தூரத்தை அளந்து, ஐந்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். மெதுவாக ஓட தண்டவாளமும் சக்கரமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றியதும் துடைக்கும் வேலை நன்றாகவே குறைந்தது. ஓட்டாத நாட்களில் மெல்லிய பருத்தித் துணியை முன்பக்கம் திரைபோலத் தொங்க விடுகிறேன்; மரங்களின் மேல் படாதபடி, மேலே உள்ள விளக்குச் சட்டத்திலிருந்து. இப்போது ஊருக்கு மேற்கே ஒரு ஏரிக்கரையை வரைந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று முடிவானதும் பாதையை நீட்டிப்பேன்.